பறியைக் கடித்த வாய்

தேசிய வளத் திட்டமிடல் சட்டத்துக்கு 2049இல் வந்த திருத்தம் பற்றிப் பள்ளிப் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. தொலைநோக்குள்ள தலைவர்கள் கூடினார்களாம், வருங்காலத் தலைமுறையை எண்ணிப் பார்த்தார்களாம், ஒருமனதாக நிறைவேற்றினார்களாம். பக்கத்து வீட்டுப் பெண் அதை மொட்டைமாடியில் நடந்து நடந்து மனப்பாடம் செய்தபோது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. அத்தனையும் அளப்பு. அந்தத் திருத்தம் பிறந்தது பனையோலையில் முடைந்த ஒரு சின்னப் பைக்குள். அதை என் பல்லால் கடித்துப் பார்த்தவள் நான், எனக்குத் தெரியாதா?

என் பெயர் மங்கையர்க்கரசி. முப்பத்திரண்டு வருடம் டெல்லியில் சட்ட வரைவுத் துறையில் இருந்தேன். எல்லாச் சட்டங்களும் எல்லா மொழிகளிலும் ஒரே நாளில் நிறைவேறும், ஒவ்வொரு மொழியிலும் இருப்பது மூலமே என்று விதி வந்த பிறகு, தமிழ் மூலத்தை எழுதுகிற வேலை என்னுடையது. மந்திரிகள் பேசுவார்கள், நான் எழுதுவேன். பேசியது காற்றோடு போகும், எழுதியதுதான் ஊரை ஆளும்.

திருத்தத்துக்கு முந்தைய 2041 சட்டம் கெட்ட எண்ணத்தில் வந்ததல்ல. அதற்கு முன்னால் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு கூத்து நடக்கும். கல்யாண மண்டபம், போலீஸ், பிரியாணிப் பொட்டலம். பேச வேண்டியவன் வாசலில் நிற்பான், அவனுக்குச் சம்பந்தமில்லாதவன் மைக்கைப் பிடித்திருப்பான். இதற்கு மாற்றாகத்தான் 'செவி' வந்தது. தேங்காய் அளவில் பறக்கிற இயந்திரம். ஒரு நிலத்தை எவர் பிழைப்புக்குப் பயன்படுத்துகிறாரோ அவரை, அவர் வேலை செய்யும் இடத்துக்கே போய், அவர் பேசுகிற பேச்சிலேயே கேட்கும். "இங்கே இன்னது வரப்போகிறது, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்று மூன்று தடவை, மூன்று வெவ்வேறு நாளில். பத்தில் ஒருவர் வேண்டாம் என்றாலும் திட்டம் நிற்கும். கேட்கவே எவ்வளவு நன்றாக இருக்கிறது!

சிக்கல் கடைசி வாரத்தில் வந்தது. கூட்டணிக் கட்சி ஒன்று, தொண்ணூறு நாளில் அனுமதி கிடைக்காவிட்டால் ஆதரவு இல்லை என்று முறுக்கிக்கொண்டது. "கேட்டுப் பதில் வரலைன்னா எத்தனை நாள் காத்திருக்கறது?" என்று செயலாளர் கோதண்டபாணி மேஜையைத் தட்டினார். நான் சட்டென்று, "மௌனம் சம்மதம்னு எழுதிடலாம் சார்" என்றேன். அறையே சிரித்தது. டீ வந்தது. பிரிவு 14, உட்பிரிவு 3: தொண்ணூறு நொடிக்குள் பதில் கூறாதவர் சம்மதித்தவராகக் கருதப்படுவார்.

எனக்கு இருபத்திரண்டு வயதில் பெண் பார்க்க வந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. "அவ பேசாம இருக்கறதே போதும், மௌனம் சம்மதம்" என்று அப்பா தட்டை மாற்றிக்கொண்டார். நான்கு வருடம் அந்த வீட்டில் பட்டதை இங்கே எழுதப் போவதில்லை. அந்த இரண்டு வார்த்தையால் அடிபட்ட நானே அதைச் சட்டமாக்கினேன் என்பது எனக்கு எட்டு வருடம் உறைக்கவில்லை. புத்தி கெட்டவள்.

2049 தொடக்கத்தில், அந்தச் சட்டத்தை இன்னும் பத்து வருடத்துக்கு நீட்டிக்கிற மசோதா நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன் இருந்தது. அப்போது காட்டுக்கழி என்ற கடலோரச் சிற்றூரிலிருந்து ஒரு மனு வந்தது. அங்கே உள்ள கழியில், அதாவது கடல் நீர் ஏறி இறங்கும் உப்பங்கழியில், நானூற்றுப் பன்னிரண்டு இருளர் பெண்கள் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கிறார்கள். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் உப்புக்கழிவைத் தேக்க அந்தக் கழி ஒதுக்கப்பட்டிருந்தது. இருபத்து மூன்று நாளில் முகத்துவாரத்தில் மதகு இறங்கும். அதற்குப் பிறகு கடல் உள்ளே வராது, இறாலும் வராது. மனுவில் ஒரே வரிதான்: எங்களை யாரும் கேட்கவில்லை.

பதிவேடோ வேறு சொன்னது. நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் மூன்று முறை கேட்டாயிற்று. ஆட்சேபம்: ஒன்று.

"போய்ப் பாத்துட்டு, நடைமுறை சரியா நடந்திருக்குன்னு ஒரு பக்கம் எழுதிட்டு வந்துடுங்க மங்கை" என்று கோதண்டபாணி அனுப்பினார்.

கரையில் என்னை எதிர்கொண்டவள் பூங்காவனம். நாற்பத்தைந்து வயது இருக்கும், வார்டு உறுப்பினர், மனுவில் முதல் கைநாட்டு. நான் பதிவுகளை ஒவ்வொன்றாக ஓட விட்டேன். செவியின் இனிய குரல், அவர்கள் பேச்சிலேயே, கேள்வி கேட்டது. பிறகு தொண்ணூறு நொடி தண்ணீர்ச் சத்தம். அடுத்த பதிவும் தண்ணீர்ச் சத்தம். அதற்கடுத்ததும்.

"கேட்டிருக்கே பூங்காவனம்" என்றேன். "உங்க பேச்சிலயே கேட்டிருக்கு. ஏன் யாரும் பதில் சொல்லலை?"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீச்சல் தெரியுமா மேடம்?"

"தெரியாது."

"தேவல, கய்த்து வரிக்கும்தான் தண்ணி. பொடவய இஸ்த்து சொருவினு வா."

எந்தச் சட்டத்திலும் இல்லாத ஒரு தைரியத்தில் இறங்கினேன். காலுக்குக் கீழே சேறு வழுக்கியது. சுற்றிலும் பெண்கள் கழுத்தளவுத் தண்ணீரில் குந்தியபடி நகர்ந்துகொண்டிருந்தார்கள். தலைகள் மட்டும் தெரிந்தன. இரண்டு கையும் சேற்றைத் துழாவ, ஒவ்வொருத்தி வாயிலும் ஒரு ஓலைப் பை தொங்கியது. அதன் பெயர் பறி. அகப்பட்ட இறால் நேரே அதற்குள் போகும்.

"இடுப்பில கட்டிக்கக் கூடாதா?"

"இடுப்பு தண்ணிக்குள்ள கீது. இறாலு திரும்பிப் பூடும். இந்தா, கடி."

கடித்தேன். ஓலையும் உப்பும் சேறும் கலந்த ருசி. தாடை உடனே வலித்தது.

"ரெண்டு கையையும் சேத்துல வையி. வச்சிட்டியா? இப்ப சொல்லு. உங்கப்பன் பேரு இன்னா?"

நான் அவளைப் பார்த்தேன்.

"உங்கப்பன் பேரக் கேட்டேன் மேடம். வாயத் தொறந்தா பறி பூடும், காலைலருந்து புடிச்சது அத்தனையும் பூடும். சொல்லு பாப்போம்." விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். சுற்றியிருந்த பெண்களின் கண்கள் சிரித்தன, வாய்கள் சிரிக்கவில்லை. எண்ணி முடித்ததும் சொன்னாள்: "பதிலு வரல. மங்க மேடத்துக்கு அப்பன் இல்லன்னு எழுதிக்கலாமா?"

பறியை வாயிலிருந்து எடுத்தேன். அழுகை வந்தது. அவமானத்தில் வந்த அழுகை. யாரோ எழுதிய சட்டமென்றால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இது நான் எழுதிய வரி.

கரை ஏறிய பின் கேட்டேன். "ஒரே ஒரு ஆட்சேபம் பதிவாகியிருக்கே, அது யாரு?"

"நாந்தான்" என்றாள். "மூணாந்தபா வந்தப்ப பறியத் துப்பிட்டு வோணாம்னு கத்தினேன். பறி அட்ச்சினு பூட்ச்சி. அன்னிக்கி ஊட்ல அடுப்பு எரியல. மத்தவளுங்களையும் துப்ப சொல்லலாம்னு பாத்தேன். கொயந்த வச்சிருக்கறவளுங்க. எப்டி சொல்றது?"

"வேலை முடிஞ்சு கரைக்கு வந்ததும் சொல்லியிருக்கலாமே?"

"அது எங்க நிக்கிது? கேட்டுச்சி, எண்ணுச்சி, பறந்துச்சி."

அன்று பிற்பகலே தொலைபேசியில் கோதண்டபாணியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை. "மங்கை, வழி இருக்கு" என்றார். "உள்ளூர் வழக்கத்தால ஏற்பட்ட பதிவுக் குறைபாடுன்னு நீங்க எழுதுங்க. காட்டுக்கழியை நாளைக்கே பட்டியல்லேர்ந்து எடுத்துடறேன். ஒரே நிபந்தனை. அந்தப் பொம்பளை மனுவை வாபஸ் வாங்கணும், குழு முன்னால வரக் கூடாது."

"பிரிவு 14(3)?"

"அது இருக்கும். அதுல கையை வெச்சா கூட்டணி உடையும், அரசாங்கம் கவிழும். ஒரு ஊர் பொழைக்குதே, போதாதா?"

நான் சந்தோஷமாகத்தான் ஓடினேன். மறுநாள் காலை ஊர் ஆலமரத்தடியில் கூடியது. "வாங்கிக்கலாம் பூங்காவனம்" என்றார்கள் பலர். சரசு என்ற பெண், மடியில் பிள்ளையோடு, "நமக்கு கழி இருந்தா போதுண்டி, ஊர் வம்பு இன்னாத்துக்கு?" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

பூங்காவனம் என்னைத்தான் கேட்டாள். "யக்கா, இந்த மிசினு வேற எங்கெங்க போச்சு?"

"நாடு முழுக்க."

"வாயில பறி கடிச்சினு கீறவங்க நாங்க மட்டுந்தானா?"

எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை. கைபேசியிலேயே அலுவலகக் கணினியிடம் கேட்டேன்: மூன்று சுற்றிலும் மனிதக் குரலே பதிவாகாமல், வேலைச் சத்தம் மட்டும் பதிவாகி, சம்மதம் என்று முடிந்த இடங்கள் எத்தனை? ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூறு. திறந்து திறந்து பார்த்தேன். செங்கல் சூளையில் புழுதிக்கு வாயைத் துணியால் கட்டிக்கொண்ட பெண்கள். மூச்சடக்கிச் சங்கு குளிப்பவர்கள். மலைச்சரிவில் கயிற்றில் தொங்கி, புகையில் மூச்சை இழுக்காமல் தேன் எடுப்பவர்கள். கல் உடைக்கும் இடத்தில் கேள்வியே காதில் விழவில்லை. எல்லாம் சம்மதம். ஒவ்வொரு பதிவின் அடியிலும் செவி ஒரு குறிப்பு வைத்திருந்தது: 'பதில் வராத காரணம் தெரியவில்லை. மீண்டும் கேட்கலாமா?' அதற்குக் கீழே எங்கள் அலுவலகத்தின் தானியங்கிப் பதில்: 'பிரிவு 14(3)இன்படி தேவையில்லை.' இயந்திரத்துக்கு இருந்த சந்தேகம் எங்களுக்கு இல்லை.

பட்டியலை மரத்தடியில் படித்துக் காட்டினேன்.

"மனுவ வாபஸ் வாங்கினா நம்ம கழி நிக்கும்" என்றாள் பூங்காவனம். "அவுங்களுது பூடும். வாங்கலன்னா நம்முளுதும் பூடலாம். நான் ஒருத்தி முடிவு பண்ணக் கூடாது. ஆனா ஒண்ணு. மறுவடியும் யாரும் கம்முனு இருக்காதீங்க. கம்முனு இருந்தா இன்னா ஆவும்னு பாத்துட்டோம். ஒவ்வொருத்தியும் வாயத் தொறந்து சொல்லணும்."

ஒவ்வொருத்தியாகச் சொன்னார்கள். பொழுது சாயும்வரை ஆயிற்று. அழுதுகொண்டே சொன்னவர்கள் உண்டு, திட்டிவிட்டுச் சொன்னவர்கள் உண்டு. சரசு கடைசியில் எழுந்து, "எனுக்கு இஷ்டமில்ல. கழி பூட்ச்சுன்னா எம்புள்ளைக்கி நீதாண்டி சோறு போடணும்" என்று பூங்காவனத்தைப் பார்த்துக் கத்தினாள். பிறகு உட்கார்ந்து, "டில்லிக்கி போ" என்றாள். எழுபத்தோரு பேர் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். மீதிப் பேர் போகச் சொன்னார்கள். பூங்காவனம் இரண்டு எண்ணிக்கையையும் எழுதிக்கொள்ளச் சொன்னாள்.

மதகு இறங்க நான்கு நாள் இருக்கும்போது குழு கூடியது. தலைவர் ஹரேகிருஷ்ண பாத்ரா, ஒடிசாவைச் சேர்ந்த எம்.பி. ஏழு உறுப்பினர் கொண்ட சிறு கட்சிக்காரர். அரசாங்கத்தின் பெரும்பான்மையோ நான்குதான். அதனால் அவர் தும்மினால்கூட மந்திரிகள் திரும்பிப் பார்ப்பார்கள். குழு அறையிலும் நடவடிக்கைக் குறிப்பை எழுதுவது ஒரு செவிதான், மேஜை நடுவில் உட்கார்ந்திருந்தது.

பூங்காவனத்தைக் கூப்பிட்டார்கள். சாட்சி நாற்காலியில் உட்கார்ந்தாள். இடுப்புப் பையிலிருந்து பறியை எடுத்து வாயில் கடித்துக்கொண்டாள்.

"அம்மா, இந்தச் சட்டத்தை நீட்டிப்பதில் உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" பாத்ரா கேட்டது எங்கள் காதில் தமிழாக ஒலித்தது.

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என்ன இது? வாயில் இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள்." யாரோ சிரித்தார்கள். பாத்ராவுக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு தூரம் வந்து பேசமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?"

தொண்ணூறு நொடி என்பது காத்திருப்பவருக்கு மிக நீளம். அது முடிந்ததும் மேஜை நடுவிலிருந்து அந்த இனிய குரல் வந்தது: "சாட்சி பதில் கூறவில்லை. பிரிவு 14(3)இன்படி, சட்டத்தை நீட்டிக்கச் சாட்சி சம்மதித்ததாகப் பதிவு செய்யப்படுகிறது."

பூங்காவனம் பறியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். "பாத்தியா சாமி? இப்டித்தான் எங்க கழி பூட்ச்சி."

கோதண்டபாணி என்னை முறைத்தார், உட்கார் என்று கண்ணால் சொன்னார். நான் எழுந்தேன். "அந்த வரியை எழுதினது நான். பேச்சுவாக்கில் சொன்ன பழமொழியைச் சட்டமாக்கினேன். வாயைத் திறந்தா சோறு போயிடும்ங்கற நிலையில இருக்கறவங்களைத்தான் அது தேடித் தேடிப் பிடிச்சிருக்கு. இதோ பட்டியல்." ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து நானூறு இடங்களையும் குழுவின் திரையில் போட்டேன். அனுமதி இல்லாமல்தான் போட்டேன்.

பாத்ராவுக்கு ஞானோதயம் வந்தது என்று பாடப்புத்தகம் சொல்கிறது. நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது பட்டியலில் நேரே அவருடைய மாவட்டத்துக்குப் போயிற்று. முப்பத்தோரு இடம். எட்டு மாதத்தில் தேர்தல். வாயில் துணி கட்டிய பெண்களுக்கும் ஓட்டு உண்டு என்பதை அவர் கணக்குப் போட்டு முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. "உட்பிரிவு மூன்று போகாவிட்டால் என் கட்சி இந்த மசோதாவை ஆதரிக்காது" என்றார். நல்ல காரியம் நல்ல எண்ணத்தில்தான் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தால் நாட்டில் ஒன்றும் நடக்காது.

அரசாங்கம் இறங்கிவந்தது. முதல் வரைவில், மௌனத்தை மறுப்பாகக் கருத வேண்டும் என்று போட்டிருந்தார்கள். நான் பூங்காவனத்துக்குப் படித்துக் காட்டினேன்.

"அதுவும் பொய்யிக்கா" என்றாள். "பறி கடிச்சினு கீறப்ப நான் ஆமான்னும் சொல்லல, வோணாம்னும் சொல்லல. இரு, கையில வேல கீது, முட்ச்சிட்டு வர்றேன்னு சொல்றேன். கேக்க வந்தவன் கரையில குந்தினு இருக்கட்டுமே, இன்னா கொறஞ்சி பூடும்?"

அதுதான் இன்றைய பிரிவு 14(3): மௌனம் சம்மதமும் அன்று, மறுப்பும் அன்று; கேட்டவர், பதில் சொல்பவரின் வாயும் கையும் ஒழியும்வரை காத்திருத்தல் வேண்டும்.

ஆனால் சட்டம் வர ஐந்து மாதம் ஆயிற்று. வந்த நாளிலிருந்துதான் செல்லும், முன்தேதியிட்டுச் செல்லாது. காட்டுக்கழிக்குப் பழைய சட்டப்படி சம்மதம் இருக்கிறதென்று நீதிமன்றம் தடை தர மறுத்தது. இருபத்து மூன்றாம் நாள், சொன்னது சொன்னபடி, மதகு இறங்கியது. புதிய சட்டப்படி, வேலை தொடங்காத இடங்களில் மறுபடி கேட்டாக வேண்டும், அதனால் அந்த ஒரு லட்சத்துச் சொச்சத்தில் அப்படிப்பட்டவை அத்தனையும் பிழைத்தன. அவற்றைக் காப்பாற்றிய ஊர் பிழைக்கவில்லை. பெண்கள் ஒன்பது கல் தள்ளி வேறொரு கழிக்கு, விடியுமுன் நடந்து போகிறார்கள். சரசு பூங்காவனத்தோடு இன்றும் பேசுவதில்லை. சரசு பிள்ளைக்கு மத்தியானச் சோறு பூங்காவனம் வீட்டில்தான்.

என்னைப் பழைய சட்டங்களுக்கு அட்டவணை போடும் அறைக்கு மாற்றினார்கள். விசாரணை, பதவி உயர்வு ரத்து, எல்லாம் உண்டு. ஆனால் திருத்தத்தின் தமிழ் மூலத்தை எழுத வேறு ஆள் அகப்படவில்லை. திட்டிக்கொண்டே என்னைக் கூப்பிட்டார்கள்.

சட்டங்களில் பிரிவுக்குக் கீழே உதாரணம் என்று ஒன்று வரும். அதில் வரும் ஆட்களுக்குப் பெயர் கிடையாது, 'அ' என்பவர், 'ஆ' என்பவர் என்றுதான் எழுதுவோம். நான் இப்படி எழுதினேன்: "'பூ' என்பவர் வாயில் பறியைக் கடித்தபடி நீரில் இறால் பிடிக்கிறார். அவரிடம் கேள்வி கேட்கப்படுகிறது. அவர் பதில் கூறவில்லை. 'பூ' சம்மதித்தவர் ஆகார்."

அது அச்சுப்பிழை என்று இதுவரை பதினான்கு பேர் எழுதிவிட்டார்கள். 'அ' என்று இருக்க வேண்டும், திருத்தவும் என்று கோதண்டபாணியே ஒரு குறிப்பு வைத்தார். பிழையில்லை என்று பதில் எழுதினேன். எழுதி நிறைவேறியதைத் திருத்த மறுபடி நாடாளுமன்றம் கூட வேண்டும், அவ்வளவு சுறுசுறுப்பானவர்கள் அங்கே இல்லை.

ஓய்வு பெற்ற வாரம் சட்டப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்கழிக்குப் போனேன். பூங்காவனம் மூடிய மதகின் மேல் உட்கார்ந்து ஒரு மனுவில் கைநாட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். மதகைத் திறக்கக் கோரும் மனு, புதிய சட்டத்தின் கீழ் ஆறாவது. ஐந்து தள்ளுபடியாகியிருந்தன. பக்கத்தைத் திறந்து அந்த எழுத்தில் விரல் வைத்துக் காட்டினேன்.

"இது நீ."

உற்றுப் பார்த்தாள். "எம்பேருல ஒரு எழ்த்துதானா? கஞ்சப் பிசினாரிக்கா நீ."

"சட்டத்தில அவ்வளவுதான் முடிஞ்சது."

புத்தகத்தை மூடி என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மனுவையும் மைப்பெட்டியையும் என் பக்கம் நகர்த்தினாள். "சரி, பரவால்ல. மிச்ச எழ்த்த மதகு தொறக்கற அன்னிக்கி எழுதிக்கலாம். இப்ப இதுல எங்க தப்பு கீதுன்னு பாரு, அஞ்சுதபா திருப்பி அனுப்பிட்டானுங்க."

செருப்பைக் கழற்றிவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.